யாருக்கும் வேலை போகாது

கூடத்தில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அப்போதுதான் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"இந்த ரூம்ல இருக்கிற ஒருத்தருக்கும் வேலை போகாது. நான் இருக்கேன்ல?"

அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் வரவில்லை. புது சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்யும், யார் எந்த வாரம் பயிற்சிக்கு உட்கார வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தாள். இந்த வரி அதில் கிடையாது. முன்வரிசையில் ஒரு பெண் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்குவதைப் பார்த்தாள், வந்துவிட்டது. சொன்ன மாத்திரத்தில் கூடம் மொத்தமும் மூச்சு விட்டது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். சுவரோரமாக நின்ற சின்னக்கா மட்டும் கைதட்டாமல், சட்டென்று நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அவளும் தட்டினாள்.

அங்கே எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னக்கா அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி. பதினான்கு வருடத்துக்கு முன்னால் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைக் காலி செய்து, ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு முக்காலியுமாக இருவரும் ஆரம்பித்த தொழில் அது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன கோளாறு, என்ன மருந்து, அடுத்து என்ன செய்வது என்று வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவர்கள் அதைக் காதால் கேட்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்தி, எழுத்துப் பிசகாமல் ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். ஆனால் டாக்டர்கள் மேடையில் நின்றா பேசுகிறார்கள்? ஒருவர் வாயில் எதையோ மென்றுகொண்டே சொல்வார். ஒருவர் வாக்கியத்துக்கு ஒரு கொட்டாவி விடுவார். இன்னொருவர் மூச்சே விடாமல் கடகடவென்று ஓட்டுவார்; அவருக்கு ரயில் டாக்டர் என்று பெயர். அவர் பேச்சைப் பிடிக்கத் தெரிந்த ஒரே பெண்ணுக்கு ரயிலம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இவர்கள் அத்தனை பேருக்கும் மேலே சின்னக்கா. பாம்புச் செவி. டாக்டர் மூச்சை இழுக்கிற இழுப்பிலேயே அடுத்து வரப்போவது இருதயமா ஈரலா என்று சொல்லிவிடுவாள். பெரியக்காவுக்கு அந்தக் காது இல்லை; வாய் உண்டு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, காத்திருக்கச் சொன்ன இடத்தில் காத்திருந்து, முடியாது என்றவர்களைச் சரி என்று சொல்ல வைத்து வேலை கொண்டுவந்தவள் அவள். பெரியக்காவின் வாயும் சின்னக்காவின் காதும் சேர்ந்ததுதான் அந்தக் கம்பெனி என்று ஊழியர்கள் சொல்வார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். கீழ்வீட்டில் பெரியவர் குடும்பம், மாடியில் சின்னவர் குடும்பம், அடுப்பு மட்டும் ஒன்று. காலையில் யார் முதலில் எழுகிறாளோ அவள் உலை வைப்பாள். இரண்டு ஓரகத்திகள் இப்படி ஒட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து அண்ணனும் தம்பியும்தான் கொஞ்சம் பயந்தார்கள்.

சாஃப்ட்வேரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டவள் பெரியக்கா. டாக்டர் பேசப் பேச அதுவே எழுதிவிடுமாம். இதே தொழில் செய்துகொண்டிருந்த வேறு இரண்டு பேர், "அதெல்லாம் நம்ம வேலையைச் செய்யுமா?" என்று சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஒரே வருடத்தில் இருவரும் கடையைக் கட்டினார்கள். பெரியக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"மழை வரும்னு தெரிஞ்சா முன்னாடியே கூரையைப் பார்க்கணும்," என்றாள் அடுப்படியில். "நாமளே வாங்கிடலாம். அது எழுதட்டும், நம்ம பிள்ளைங்க திருத்தட்டும். ஒரு ரிப்போர்ட் அடிக்கிற நேரத்துல மூணு முடியும். மூணு மடங்கு வேலை எடுக்கலாம்."

"எடுத்தா நல்லதுதான்," என்றாள் சின்னக்கா. அவ்வளவுதான் அவள் சொன்னது.

முதல் மாதம் கூடத்தில் ஒரே சிரிப்பு. மூட்டுவலி என்று டாக்டர் சொன்னால் அது வீட்டுவலி என்று எழுதியது. "நோயாளிக்கு ஆறு வருடமாக வீட்டுவலி, மாடிப்படி ஏறும்போது அதிகமாகிறது" என்று ஒருத்தி உரக்கப் படிக்க, "அது யாருக்குத்தான் இல்லை!" என்று இன்னொருத்தி கேட்க, ரயிலம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து போய்விட்டாள். ரயில் டாக்டரின் பேச்சை அது பாதி தின்றுவிட்டுப் பாதியைத்தான் எழுதியது. பக்கத்துக்கு முப்பது பிழை இருந்தது. இதை நம்பியா நம்மை அனுப்பப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தைரியம் வந்தது.

சின்னக்கா சிரிக்கவில்லை. அவள் வேலையில் மூழ்கிவிட்டாள். எந்த டாக்டர் எந்தச் சொல்லை எப்படி விழுங்குவார், யார் எந்த மருந்துக்கு என்ன செல்லப்பெயர் வைத்திருக்கிறார் என்று பதினொரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். அதையெல்லாம் வரிவரியாக அந்தச் சாஃப்ட்வேருக்குள் ஏற்றினாள். மற்றவர்கள் திருத்துகிற ஒவ்வொரு பிழையையும் அது மனதில் வைத்துக்கொண்டது. பிழை முப்பதிலிருந்து பன்னிரண்டாயிற்று. அடுத்த வருடம் நான்கு. ஒருநாள் ரயில் டாக்டரின் ரிப்போர்ட் ஒன்று முழுசாக, ஒரு புள்ளிகூடத் தப்பாமல் வந்தது. ரயிலம்மா அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நாம திருத்துறத எல்லாம் அது கத்துக்குது," என்றாள் சின்னக்கா.

"அதுக்குத்தானே வாங்கினோம்?"

"ஆமா," என்றாள் சின்னக்கா. "அதுக்குத்தான்."

கம்பெனி வளர்ந்தது. அதில் பொய்யில்லை. ஏழு ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு பெரிய நிர்வாகம் தன் வேலை முழுவதையும் இவர்களுக்குக் கொடுத்தது. மேல்தளத்தையும் வாடகைக்கு எடுத்தார்கள். வாசலுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. தொழில் பத்திரிகை ஒன்றில் பெரியக்காவின் படம் போட்டு, மாற்றத்தைக் கண்டு மிரளாத தலைமை என்று எழுதியிருந்தார்கள். கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம் அவள் அந்த நாற்பத்திரண்டு பேரைப் பற்றித்தான் பேசினாள். ஒருத்தரையும் அனுப்பாமல் எப்படி வளர்ந்தோம் என்று சொல்வாள். கைதட்டல் விழும். அதைச் சொல்லச் சொல்ல அவளுக்கே அது மலைபோல உறுதியாகத் தெரிந்தது.

மேல்தளத்துக்கு வாங்கிய நாற்காலிகளின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை மட்டும் கடைசி வரை யாரும் பிரிக்கவில்லை. வேலை மூன்று மடங்கு வந்தது. ஆனால் அதற்கு ஆள் தேவைப்படவில்லை.

மூன்றாவது வருடத்தின் தொடக்கத்தில் பெரிய நிர்வாகம் கூப்பிட்டனுப்பியது. சாஃப்ட்வேரே முக்கால்வாசி செய்கிறதே, பழைய கட்டணம் எதற்கு என்று கேட்டார்கள். அவள் வாயால் எவ்வளவோ பேசிப் பார்த்தாள். திரும்பி வந்ததும் சின்னக்காவைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"பதினஞ்சு பேரை அனுப்பணும். பட்டியல் நீதான் போடணும். யார் எப்படின்னு உனக்குத்தான் தெரியும்."

சின்னக்கா நின்றுகொண்டே இருந்தாள். "அக்கா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அன்னைக்கு அது உண்மை."

"அவங்க அதை நம்பிட்டுத்தான் இருக்காங்க."

"பதினஞ்சு பேர் போனா இருபத்தேழு பேர் பிழைப்பாங்க. போகலைன்னா நாற்பத்திரண்டும் தெருவுல நிக்கும். நீயே சொல்லு, இந்த நாற்காலியில நீ உட்கார்ந்திருந்தா என்ன பண்ணுவே?"

"அந்த இருபத்தேழு பேர் நிச்சயமா?"

"நிச்சயம்."

பட்டியலைச் சின்னக்காவே போட்டாள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் அவள்தான். அன்று பெரியக்காவுக்கு வெளியில் ஒரு கூட்டம் இருந்தது. அதைத் தள்ளிப் போட்டிருக்கலாம், போடவில்லை. நெட்டைப் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தவள், "என் காதைக் கழட்டி அதுக்கு மாட்டிவிட்டுட்டு இப்ப என்னைப் போகச் சொல்றீங்களா சின்னக்கா?" என்று கேட்டாளாம். ரயிலம்மா அழவில்லை. ஒன்பது வருடம் உட்கார்ந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "பெரியக்கா வந்தா போயிட்டு வர்றேன்னு சொன்னேன்னு சொல்லுங்க. மறுபடி வேலை வந்தா கூப்பிடுவாங்க, எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்த சின்னக்கா, உலை வைக்கக் கீழே வரவில்லை. தலைவலி என்றாள்.

எட்டு மாதம் சென்றது. இரண்டாவது பட்டியலுக்கு நேரம் வந்தது. இந்தத் தடவை பதினாறு பேர். சின்னக்கா ஒரு தாளை மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பெரியக்கா பிரித்துப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. சின்னக்காவின் பெயர்.

"என்ன இது?"

"என்னால இன்னொரு தடவை முடியாது அக்கா. அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்து நான் சொன்னதெல்லாம் நீங்க எனக்குச் சொன்னது. மிச்சம் இருக்கிறவங்களுக்கு வேலை நிச்சயம்னு சொன்னேன். நான் யாருன்னு நினைப்பாங்க?"

பெரியக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினேழு வருடத்தில் சின்னக்காமேல் அவளுக்கு வந்த முதல் கோபம் அதுதான். எல்லாப் பழியையும் தன் தலையில் கட்டிவிட்டு இவள் மட்டும் கை கழுவிக்கொள்கிறாளே என்று தோன்றியது.

"உன் பேரை எழுதிக் கொடுத்தா நான் பதறிப்போய் தாளைக் கிழிச்சுடுவேன்னு நினைச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பது சின்னக்கா முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பெரியக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பதினொரு நோட்டும் உள்ளே போயாகிவிட்டது. இனிமேல் அதற்குச் சொல்லிக் கொடுக்கச் சின்னக்காவிடம் எதுவும் பாக்கி இல்லை. இவள் போனால் அந்தச் சம்பளத்தில் வேறு இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம். இந்த யோசனை தனக்கு வருகிறதே என்று அவளுக்கே திக்கென்றது; ஆனாலும் வந்துவிட்டது. தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"சரி," என்றாள்.

அந்த வாரமே மாடியில் தனி அடுப்பு வந்தது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சின்னக்காவின் கணவன் ஒரு காலை நேரத்தில் அடுப்பைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியேறினான். பெரியக்காவின் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலை," என்றார் அவளிடம். "தொழில் எனக்குத் தெரியாது. ஆனா அவளையாவது விட்டிருக்கலாம்."

அந்தப் பதினாறு பேரையும் அனுப்பிய பிறகு மிச்சம் இருந்த பதினொரு பேரில் ஐந்து பேர் தாங்களாகவே நின்றுவிட்டார்கள். ஆறு பேரோடு கம்பெனி நடந்தது. முன்னைவிட நான்கு மடங்கு ரிப்போர்ட் போய்க்கொண்டிருந்தது. காகிதத்தில் பார்த்தால் அதுதான் அவர்களுடைய மிகச் சிறந்த வருடம்.

பிறகு ஒருநாள் பெரிய நிர்வாகத்தின் மேலாளர் அவளை வரச் சொன்னார். சின்ன வயசு, நல்ல மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று வரவேற்று, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, தன் கைபேசியை மேசைமேல் வைத்தார்.

"நாம பேசறதைப் பேசுவோம் மேடம். நடுவுல உங்களுக்கு முழங்கால் வலின்னு வச்சுக்கோங்க. அதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அவள் சொன்னாள். உண்மையாகவே முழங்கால் வலி இருந்தது. அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார், சிரித்தார், வேறு பேச்சுக்குப் போய்த் திரும்பி வந்தார். பிறகு கைபேசியை அவள் பக்கம் திருப்பினார். சிரிப்பையும் வீண்பேச்சையும் தள்ளிவிட்டு, வலி எத்தனை நாளாக, எப்போது அதிகம், என்ன பரிசோதனை வேண்டும் என்று கச்சிதமாக ஒரு ரிப்போர்ட் இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பிழையாவது இருக்காதா என்று தேடினாள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். வீட்டுவலி என்று எங்காவது இருந்திருந்தால் அந்த மேசையிலேயே அழுதிருப்பாள். இல்லை.

"இனிமே டாக்டர் தனியா பதிவு பண்ணவே வேண்டாம். நோயாளிகிட்ட பேசினா போதும், இதுவே எழுதிடும். ஏழு ஆஸ்பத்திரியிலயும் அடுத்த மாசத்துலருந்து இதுதான்." அவர் குரலைத் தாழ்த்தி, மனசாரச் சொன்னார். "உங்க ஆளுங்க திருத்தின ரிப்போர்ட் எல்லாம் வச்சுத்தான் மேடம் இதைப் பழக்கினோம். ஒப்பந்தத்துல அதெல்லாம் எங்களுக்குத்தானே சொந்தம்? நீங்க இல்லைன்னா இவ்வளவு சுத்தமா வந்திருக்காது. உங்களுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்."

அவள் நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று படியிறங்கும்போதுதான் யோசித்தாள்.

ஆறு பேரிடமும் அன்றே சொன்னாள். யாரும் அழவில்லை. "தெரியும் பெரியக்கா, எப்பன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தோம்," என்றாள் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மாடிப்படி ஏறினாள். பல மாதமாக ஏறாத படி. சின்னக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டே பார்க்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. வாங்க அக்கா என்றாள், ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். பெரியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சின்னக்கா மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க தப்புப் பண்ணினேன், நீ சொல்லு," என்றாள் பெரியக்கா. "அதை வாங்காம இருந்திருக்கணுமா?"

"வாங்கலைன்னா மூணு வருஷம் முன்னாடியே மூடியிருப்போம். நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன்."

"அப்புறம்?"

சின்னக்கா ஒரு சட்டையின் கையை நீவிவிட்டாள். "அன்னைக்கு எதுவும் தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். இருக்கும்வரை இருக்கும், நீங்களும் வேற வழி பார்த்துக்கிட்டே இருங்கன்னு சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளைங்க கையில அப்ப மூணு வருஷம் இருந்துச்சுக்கா. அப்பவே எதையாவது படிச்சிருக்கும், எங்கேயாவது தேடியிருக்கும். உங்க பேச்சை நம்பி உட்கார்ந்துட்டாங்க." அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டு, "நானும்தான் கைதட்டினேன்," என்றாள்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பெரியக்கா ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். கீழே இறங்கி வந்து, நின்ற வாக்கிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். போனவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போக வேண்டும். கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்து, நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முகவரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினாள். பக்கத்தில் இருந்தது ரயிலம்மாவின் வீடு. குறுகலான தெருவில், தையல் கடைக்கு மேல் ஒரு அறை. கதவைத் தட்டியதும் ரயிலம்மாவே திறந்தாள். ஒன்றரை வருடத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இவளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பெரியக்கா எதிர்பார்க்கவில்லை.

"என்னங்க, இங்க வாங்களேன்! பெரியக்கா வந்திருக்காங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே தலைமுடியை அவசர அவசரமாகக் கோதினாள். "நான் சொன்னேன்ல? கூப்பிடுவாங்கன்னு சொன்னேன்ல? இவர்தான் நம்பலை பெரியக்கா. வேற ஒரு இடத்துல கூப்பிட்டாங்க, நான் போகலை. உங்ககிட்டருந்து ஆள் வரும்போது நான் இல்லைன்னா எப்படின்னு போகலை. உள்ள வாங்க, உட்காருங்க. எப்பலருந்து வரணும்?"

உள்ளேயிருந்து ஒரு மனிதர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றார். அவரும் சிரித்தார்.

பெரியக்கா வாயைத் திறந்தாள். எத்தனையோ ஆஸ்பத்திரிகளில், எத்தனையோ கூட்டங்களில் கைகொடுத்த வாய்.

"சொல்லி அனுப்புறேன்," என்றாள்.

இரண்டாவது வீட்டுக்கு அவள் போகவில்லை.